அமெரிக்கக் குடும்ப விசா: விண்ணப்பத்தில் வரும் சொற்களும் நம் ஊரில் எடுக்க வேண்டிய சான்றுகளும்

அமெரிக்காவில் குடியேறிய கணவரோ மனைவியோ, பெற்றோரோ பிள்ளையோ, உடன்பிறந்தவரோ தாக்கல் செய்த மனுவின்பேரில் அந்நாட்டில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்காக இந்த விளக்கம் எழுதப்படுகிறது. இத்தகைய விண்ணப்பங்களில் ஆண்டுக்கணக்கான காத்திருப்பு அமெரிக்க அரசின் வரிசையில் நிகழ்ந்தாலும், வரிசை முன்னேறி வந்த பிறகு விண்ணப்பம் தடைபட்டு நிற்பது பெரும்பாலும் நம் ஊர்ப் பதிவேட்டிலோ சார் பதிவாளர் அலுவலகத்திலோ கிடைக்க வேண்டிய ஒரு சான்றுக்காகவே. ஆகவே சான்றுகளைத் தேடும் வேலையைக் காத்திருக்கும் காலத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பதே இங்கு முதன்மையாகச் சொல்ல வேண்டியது.

நடைமுறை ஐ-130 என்னும் மனுவில் தொடங்குகிறது. அமெரிக்காவில் இருந்து அதைத் தாக்கல் செய்பவரை மனுதாரர் என்றும், யாருக்காகத் தாக்கல் செய்யப்படுகிறதோ அவரைப் பயனாளி என்றும் அரசின் கடிதங்கள் குறிப்பிடும். மனு முறைப்படி பெறப்பட்ட நாளே முன்னுரிமை நாள், அதாவது பிரையாரிட்டி டேட் ஆகும். மனு ஏற்கப்பட்டுவிட்டது என்ற கடிதம் வந்ததும் விசாவே கிடைத்துவிட்டதாக எண்ணி வேலையை விடுபவர்களும் வீட்டை விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கடிதம் உறவுமுறை உண்மையானது என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை ஏற்றுக்கொண்டதை மட்டுமே காட்டுகிறது.

அமெரிக்கக் குடிமகனின் வாழ்க்கைத் துணை, 21 வயது நிரம்பாத திருமணமாகாத பிள்ளை, 21 வயது நிரம்பிய குடிமகனின் பெற்றோர் ஆகியோர் நெருங்கிய உறவினர் என்ற வகையில் வருவதால் அவர்களுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. இந்த வகையில் பெற்றோர் இருவருக்கும் தனித்தனி மனு வேண்டும் என்பதும், பெற்றோருடன் அவர்களுடைய இளைய மகனையோ மகளையோ இணைத்து அழைத்துச் செல்ல முடியாது என்பதும் பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகின்றன. மற்ற உறவினர்கள் எஃப்-1 முதல் எஃப்-4 வரையிலான வகைகளில் வரிசையில் நிற்க வேண்டும். குடிமகனின் உடன்பிறந்தவர்களுக்கான எஃப்-4 வகையில் உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 65,000 விசாக்களே உள்ளன. எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது என்ற வரம்பும் இருப்பதால், இந்தியர்களின் காத்திருப்பு இந்த வகையில் 15 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் இரண்டு அட்டவணைகள் இருக்கும்: ஒன்று எந்த முன்னுரிமை நாள் வரை விசா வழங்கலாம் என்பதையும், மற்றொன்று எந்த முன்னுரிமை நாள் வரை உள்ளவர்கள் ஆவணங்களை அனுப்பத் தொடங்கலாம் என்பதையும் சொல்கிறது. இரண்டாவது அட்டவணையில் தம்முடைய நாள் வந்ததைப் பார்த்து விசா தேதியே வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

காத்திருக்கும் காலத்தில் நடக்கும் திருமணத்தைப் பற்றி இங்கேயே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மனுதாரர் குடியுரிமை பெறாமல், நிரந்தரக் குடியிருப்பு அட்டையான கிரீன் கார்டு மட்டுமே வைத்திருந்தால், அவர் தம் மகனுக்கோ மகளுக்கோ தாக்கல் செய்த மனு, அந்தப் பிள்ளைக்குத் திருமணம் ஆன உடனேயே செல்லாததாகிவிடும். மனுதாரர் பிற்பாடு குடியுரிமை பெற்றாலும் அந்த மனு உயிர் பெறாது. மனுதாரர் குடிமகனாக இருந்தால் மனு நீடிக்கும், ஆனால் திருமணமான பிள்ளைகளுக்குரிய எஃப்-3 வகைக்கு மாறும். வரன் அமைந்ததும் நாள் குறிக்கும் பெற்றோர், மனுதாரருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். திருமணத்தை மறைத்து விண்ணப்பிப்பது இதற்குத் தீர்வாகாது. முக்கியமான உண்மையை மறைத்து விசா பெற முயன்றார் என்று பதிவாகிவிட்டால், அந்தத் தடை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது.

வரிசை நெருங்கும்போது கோப்பு அமெரிக்க வெளியுறவுத் துறையின் தேசிய விசா மையத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து வரும் கடிதத்தில் உள்ள எண்ணைக் கொண்டு இணையவழியில் நுழைந்து கட்டணம் செலுத்தி, ஒவ்வொருவரும் டி.எஸ்.-260 என்னும் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். மனுதாரர் ஐ-864 என்னும் பொருளாதார ஆதரவு உறுதிமொழியை வரி ஆவணங்களுடன் இணைக்க வேண்டும். பொதுவாக அவருடைய வருமானம் குடும்ப அளவுக்கேற்ற அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதன் பின் கேட்கப்படுபவைதான் சிவில் ஆவணங்கள்: பிறப்பு, திருமணம், முந்தைய திருமணம் முடிவுற்றமை, காவல்துறைச் சான்று, நீதிமன்றப் பதிவுகள் முதலியவை. எந்த நாட்டில் எந்த அலுவலகம் வழங்கிய சான்று ஏற்கப்படும் என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறை நாடுவாரியாகத் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. இந்தியாவுக்கான பக்கத்தைப் படிக்காமல் முகவர் சொல்லும் பட்டியலை மட்டும் நம்பிப் புறப்படுவது வீண் செலவுக்கு வழிவகுக்கும்.

இவற்றுள் மிகுந்த உழைப்பைக் கோருவது பிறப்புச் சான்றிதழ். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு, நாட்டின் பெரும்பகுதியில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குப் பதிவே இல்லை என்பதை அமெரிக்கத் தூதரகங்களும் அறிந்தே இருக்கின்றன. அதன் பின் பிறந்தவர்களிடம் பதிவாளர் வழங்கிய சான்றிதழையே முதலில் எதிர்பார்க்கிறார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் நம் அலுவலகங்களில் வயதுக்குச் சான்றாக எத்தனையோ ஆண்டுகள் செல்லுபடியாகி வந்ததால், அவையே போதும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. குடியேற்ற விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழின் வேலை வயதைக் காட்டுவது மட்டுமன்று. தாய் யார், தந்தை யார் என்பதைக் காட்டி உறவை நிறுவுவதும் ஆகும். உடன்பிறந்தவர் மனுவில் மனுதாரருக்கும் பயனாளிக்கும் பொதுவான பெற்றோர் இருப்பதை இருவருடைய பிறப்புச் சான்றிதழ்களும் சேர்ந்துதான் காட்ட வேண்டியிருக்கிறது.

பிறந்த இடத்தின் பதிவேட்டில்தான் தேட வேண்டும். இப்போது குடியிருக்கும் ஊரில் அல்ல. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கமாதலால், மூத்த பிள்ளையின் பதிவு தாயின் பிறந்த ஊரிலும் இளையவர்களின் பதிவு தந்தையின் ஊரிலும் இருப்பது இயல்பு. கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர் எழுதிய பழைய பதிவேடுகள் அவரிடமே தங்கிவிடுவதில்லை. வட்டாட்சியர் அலுவலகம், சார் பதிவாளர் அலுவலகம் ஆகிய இரண்டிலும் தேட வேண்டியிருக்கும். நகராட்சியிலும் மாநகராட்சியிலும் பிறந்தவர்களுக்கு அந்தந்த உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவே பொறுப்பு. பதிவைத் தேடும்போது குழந்தையின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடத் தாய் தந்தை பெயரையும் பிறந்த மாதத்தையும் சொல்லிக் கேட்பதே பயன் தரும், ஏனெனில் பழைய பதிவுகளில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும். பெயரில்லாத பதிவில் பெயர் சேர்க்கச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும், பிழை திருத்த 15-ஆம் பிரிவும் வழி செய்கின்றன.

தேடியும் பதிவு கிடைக்கவில்லை என்றால், அதையே எழுத்தில் பெற வேண்டும். பதிவேட்டில் பதிவு இல்லை என்று பதிவாளர் முறையான படிவத்தில் வழங்கும் இல்லாமைச் சான்று அது. அதனுடன் பள்ளிச் சான்றுகளையும், பிறப்பை நேரடியாக அறிந்த பெற்றோர் அல்லது மூத்த உறவினர் இருவருடைய உறுதிமொழிப் பத்திரங்களையும் இணைக்க வேண்டும். உறுதிமொழி அளிப்பவர் யார், பிறந்தவருக்கு என்ன உறவு, எந்த நாளில் எந்த ஊரில் பிறப்பு நிகழ்ந்தது, பெற்றோரின் முழுப் பெயர்கள் என்ன, தமக்கு அது எப்படித் தெரியும் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். பெற்றோரும் பெரியப்பா, அத்தை போன்றவர்களும் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே இந்தப் பத்திரங்களை எழுதி வாங்கி வைப்பதைவிடப் பயனுள்ள முன்னேற்பாடு வேறில்லை. எஃப்-4 வரிசையில் நிற்கும் குடும்பங்கள் இதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

இல்லாமைச் சான்றுக்குப் பதிலாகத் தாமதப் பதிவு செய்து புதிய பிறப்புச் சான்றிதழே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய வருவாய்த்துறையின் அதிகாரம் பெற்ற நடுவரின் ஆணை தேவை. நம் மாவட்டங்களில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இதற்கு விண்ணப்பிக்கிறோம். அந்தச் சான்றிதழ் சட்டப்படி செல்லும். இருப்பினும் 45 வயதுக்காரரின் பிறப்பு சென்ற ஆண்டுதான் பதியப்பட்டது என்பதைப் பார்க்கும் விசா அதிகாரி, அதற்கு அடிப்படையான பழைய சான்றுகளையும் கேட்பார். தாமதப் பதிவு செய்தாலும் பள்ளிச் சான்றையும் உறுதிமொழிகளையும் விட்டுவிட முடியாது. பள்ளியில் சேர்க்க வசதியாக மாற்றிச் சொன்ன பிறந்த நாளும் பதிவேட்டில் உள்ள உண்மையான நாளும் வேறுபட்டால், மனு நிலையிலேயே அதை வெளிப்படையாக விளக்கி, கடவுச்சீட்டைச் சரியான நாளுக்குத் திருத்தும் வேலையைத் தொடங்குவதே நேரிய வழி.

பெயரைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைக்கிறோம், திருமணத்துக்குப் பின் பெண்கள் பலர் கணவரின் தலைப்பெழுத்துக்கு மாறுகிறார்கள். அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயர், இயற்பெயர் என இரு கட்டங்கள் உள்ளன. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் நம்முடைய பெயர் குடும்பப் பெயராகவும், இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்னும் மூன்றெழுத்தும் அச்சாகிவிடும். அதன் பொருள் இயற்பெயர் தெரியவில்லை என்பதாகும். அங்கே போய் ஓட்டுநர் உரிமமும் வங்கிக் கணக்கும் பெறும்போது இந்த மூன்றெழுத்து தொடர்ந்து தொல்லை தரும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே தலைப்பெழுத்தை விரித்து இரு கட்டங்களும் நிரம்பிய கடவுச்சீட்டைப் பெறுவது நல்லது. சான்றுகளுக்கு இடையே எழுத்து வேறுபாடு மட்டும் இருந்தால் அது ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழி பயன்படும். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு அந்தப் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். மாவட்டப் பிரிவினைகளும் இதே போன்ற ஐயத்தை எழுப்பும். 2009-இல் திருப்பூரும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முந்தைய சான்றிதழில் கோயம்புத்தூர் என்றோ திருநெல்வேலி என்றோ இருப்பது பிழையன்று, திருத்தவும் தேவையில்லை.

திருமணத்துக்குக் கோயில் ரசீதும் அழைப்பிதழும் புகைப்படங்களும் துணைச் சான்றுகள்தாம். கேட்கப்படுவது பதிவுச் சான்றிதழ். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தினரின் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் பதியச் சொல்கிறது. 1967-இல் மாநிலச் சட்டத் திருத்தத்தால் ஏற்பளிக்கப்பட்ட சுயமரியாதைத் திருமணமும் முழுமையான இந்துத் திருமணமே என்பதால், அதையும் தயக்கமின்றிப் பதிந்துகொள்ளலாம். முன்பு மணமுறிவு நடந்திருந்தால் நீதிமன்றத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலும், துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரத்தை மட்டும் நம்பி மறுமணம் செய்தவர்கள் இந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் வழக்கறிஞரைக் கலந்து நீதிமன்ற வழியை நாட வேண்டும்.

காவல்துறைச் சான்று 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் தேவை. இந்தியாவில் வசிப்பவர் இதைப் பாஸ்போர்ட் சேவை மையத்தின் வழியாகப் பெற வேண்டும். வேலைவாய்ப்புக்காகத் தமிழ்நாடு காவல்துறை இணையவழியில் வழங்கும் சரிபார்ப்பு அறிக்கை அதற்கு ஈடாகாது. 16 வயதுக்குப் பின் வேறு ஒரு நாட்டில் 12 மாதங்களோ அதற்கு மேலோ வசித்திருந்தால் அந்நாட்டின் சான்றும் வேண்டும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைத்துத் திரும்பியவர்கள் நம்மிடையே மிகுதி. அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் தரும் சான்று இந்தியாவைப் பற்றியது என்பதால், அந்நாட்டுக் காவல்துறையின் சான்றைத் தனியே பெற வேண்டும். ஊர் திரும்பிய பின் கைரேகை எடுத்து அனுப்பி வாங்குவதைவிடப் புறப்படும் முன்பே வாங்கிவிடுவது எளிது. பொதுவாக இந்தச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்கப்படும் என்பதால், மற்ற ஆவணங்களைப்போல் இதை மிக முன்கூட்டி எடுக்க வேண்டியதில்லை.

தமிழில் மட்டும் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தமக்கு இரு மொழிகளும் தெரியும் என்றும் மொழிபெயர்ப்பு துல்லியமானது என்றும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெளிநாட்டு வேலைக்குக் கேட்கப்படும், சான்று உண்மையானது என்று அரசு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை இந்த விசாவின் ஆவணப் பட்டியலில் இல்லை. பதிவேற்றுவது நகல் என்றாலும் நேர்காணலுக்கு மூலச் சான்றுகளைக் கொண்டு செல்ல வேண்டும். நேர்காணல் எந்தத் தூதரகத்தில் என்பதை அழைப்புக் கடிதமே சொல்லும். சென்னையில்தான் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டாம்.

நேர்காணலில் 221(ஜி) என்று குறிப்பிட்ட தாள் தரப்பட்டால், விசா அப்போதைக்கு மறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். குறையும் ஆவணத்தை ஓராண்டுக்குள் அளித்தால் அதே விண்ணப்பத்தைத் தொடரலாம். அந்த ஓராண்டு கடந்தால் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்த நேரும். விசா கிடைத்த பின், அதில் அச்சான முடிவு நாளுக்குள் அமெரிக்காவில் நுழைந்துவிட வேண்டும். முதன்மை விண்ணப்பதாரருக்கு முன்பாக அவரைச் சார்ந்து விசா பெற்ற துணையும் பிள்ளைகளும் நுழைய முடியாது. நுழையும்போது முத்திரையிடப்படும் விசாவே கிரீன் கார்டு கைக்கு வரும்வரை ஓராண்டுக்கு அதன் இடத்தில் செல்லும். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் துணை நுழைந்தால் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனையுள்ள குடியிருப்பு. அது முடியும் நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் குடியிருப்பு உரிமையே பறிபோகும்.