ஆகஸ்ட் 15 அன்று வேலைக்கு வரச் சொன்னால்?

சுதந்திர தினத் தள்ளுபடி என்று ஜவுளிக் கடைகள் பேனர் கட்டும் அதே நாள், உள்ளே புடவை மடித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் விடுமுறை நாள்தான். பள்ளிக்கூடத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் மட்டும்தான் அந்த லீவு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம் 1958 முதல் இருக்கிறது. தொழிற்சாலை, கடை, தோட்டம் எல்லாம் இதற்குள் வரும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்கள், அப்புறம் பண்டிகைகளுக்காக இன்னும் ஐந்து நாட்கள். ஆக, ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. எந்தப் பண்டிகைகள் என்பது இடத்துக்கு இடம் மாறலாம். அந்த நான்கு தேதிகளை மட்டும் யாரும் மாற்ற முடியாது.

அவை சும்மா குறித்த தேதிகளும் அல்ல. 1930 ஜனவரி 26 அன்று முழு விடுதலை உறுதிமொழி எடுத்தார்கள். அதை நினைத்துத்தான் 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வர அதே நாளைத் தேர்ந்தார்கள். மே தினமோ நம் ஊருக்கே நெருக்கமானது. இந்தியாவில் அதை முதலில் கொண்டாடியவர் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர், 1923இல், சென்னைக் கடற்கரையில். தொழிலாளிக்காகவே வந்த நாளில் தொழிலாளிக்கு லீவு மறுக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, முதலாளி அன்று வேலைக்குக் கூப்பிடவே கூடாதா? கூப்பிடலாம். ஆனால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதன் நகலைத் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அனுப்பி, வேலை இடத்திலும் ஒட்ட வேண்டும். முதல் நாள் இரவு சூப்பர்வைசர் போன் போட்டுச் சொல்வது நோட்டீஸ் ஆகாது.

அப்படி வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு, வேறொரு நாளில் சம்பளத்துடன் மாற்று விடுமுறை எடுத்துக்கொள்ளலாம். இதில் எது வேண்டும் என்று சொல்ல வேண்டியது வேலை செய்தவர். முதலாளி அல்ல. பலருக்கும் தெரியாத இடம் இதுதான்.

லீவும் தராமல், இரட்டைச் சம்பளமும் தராமல் விட்டால், கடை, ஓட்டல் ஊழியர்கள் தங்கள் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அன்று வேலை செய்ததைக் காட்டும் வருகைப் பதிவையோ, கூப்பிட்டு வந்த செய்தியையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள்.