எந்த ஹார்மோன், எந்தத் தேதியில்?

"எனக்கு ஹார்மோன் இம்பேலன்ஸ்" என்று யாராவது சொன்னால், எந்த ஹார்மோன் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. அவர்மீது தப்பில்லை, அப்படி ஒரு நோயே கிடையாது. "உடம்பு சரியில்லை" என்பது எப்படி நோயின் பெயர் இல்லையோ, இதுவும் அப்படித்தான். மாதவிடாய் தள்ளிப்போவது, முடி கொட்டுவது, எடை ஏறுவது எல்லாம் தைராய்டு குறைந்தாலும் வரும், சினைப்பையின் இயக்கம் கோளாறாகும் பிசிஓஎஸ் இருந்தாலும் வரும். அசதியும் முடி உதிர்வும் வெறும் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். கர்ப்பத்திலும் மாதவிடாய் நிற்கும் என்பதால் மருத்துவர் முதலில் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்வார்.

மாதவிடாயை நடத்துவது மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனை பிட்யூட்டரிச் சுரப்பிக்கு அனுப்பும். பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் இரண்டையும் ரத்தத்தில் விடும். அவை சினைப்பையைத் தூண்ட, சினைப்பை ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சுரக்கும். இந்த இரண்டும் மூளைக்குத் திரும்பிப்போய் "போதும்" என்றோ "இன்னும்" என்றோ சொல்லும்.

இதில் அளவைவிடத் தாளம் முக்கியம். எர்ன்ஸ்ட் நோபில் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1970களில் குரங்குகளில் இதைக் காட்டியது. ஜிஎன்ஆர்ஹெச் சுரக்கும் மூளைப் பகுதியை முடக்கிவிட்டு, அந்த ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினார்கள். இடைவிடாமல் ஏற்றினால் எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் படுத்துவிட்டன. மணிக்கு ஒரு தடவை, விட்டுவிட்டுக் கொடுத்தால் எழுந்துகொண்டன! சாப்பாட்டை வெட்டிக் குறைத்து, உடற்பயிற்சியை அளவுமீறிச் செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது இந்தத் தாளம் தளர்வதால்தான். சினைப்பையில் ஒரு குறையும் இருக்காது. அவர்களுக்கு முதல் மருந்து சாப்பாடு.

பிசிஓஎஸ்ஸில் நேர்மாறு, தாளம் வேகம் பிடிக்கிறது. எல்ஹெச் கூடுவதால், சினைப்பை ஆண்ட்ரோஜனை, அதாவது ஆண்களிடம் அதிகமாக இருக்கும் ஹார்மோன்களை, மிகுதியாகச் சுரக்கிறது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது இன்சுலின். இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் அதை மேலும் சுரக்கும். அந்த உபரி சினைப்பையை இன்னும் தூண்டும். ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் குறைக்கும். கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் முகப்பருவாகவும் மோவாயில் முடியாகவும் வெளியே தெரியும். உள்ளே, சினைப்பையில் கருமுட்டையைத் தாங்கும் சிறு முட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடும்.

ஸ்கேனில் மணி கோத்தாற்போல் தெரியும் "நீர்க்கட்டிகள்" இவைதான். இந்தச் சொல் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல என்பது என் கருத்து. கட்டி என்றதும் அறுத்தெடுக்க வேண்டுமோ என்ற பயம் வந்துவிடுகிறது. இவை முழுதாக வளராத முட்டைப் பைகள், அவ்வளவுதான். 2003இல் ரோட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் இந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். இதே அறிகுறிகளைத் தரும் மற்ற நோய்கள் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். ஸ்கேன் மட்டும் போதாது. பதின்வயதில் நிறைய முட்டைப் பைகள் தெரிவது இயல்பு என்பதால் அந்த வயதில் ஸ்கேனை வைத்து முடிவுக்கு வருவதே தவறு.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. புரோஜெஸ்டிரோன், கருமுட்டை வெளியேறிய பிறகுதான் ஏறும். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 7 நாள் முன்பு பார்த்தால் முட்டை வெளிவந்ததா என்று தெரியும். மாதவிடாயின் 3ஆம் நாள் பார்த்தால் யாருக்கும் குறைவாகத்தான் இருக்கும். தேதி தெரியாத அறிக்கையை வைத்து "புரோஜெஸ்டிரோன் கம்மி" என்று சொல்வது, மணி தெரியாமல் வெளிச்சம் கம்மி என்று சொல்வதுபோல. கருத்தடை மாத்திரை எடுக்கும்போது இந்த எண்களுக்குப் பொருளே மாறிவிடும்.

தைராய்டு அவ்வளவு படுத்தாது. தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்ஹெச் ஒன்றே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். குறைவு என்றால் லெவோதைராக்சின் மாத்திரை, வெறும் வயிற்றில். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி. அளவு சரியா என்று 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்பதோடு மார்பில் பால் கசிந்தால், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டினைப் பார்ப்பார்கள். அதை ஏற்றிவிடும் மாத்திரைகளும் உண்டு, வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் உட்பட. அதனால் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பிசிஓஎஸ்ஸுக்கு ஒரே மருந்து இல்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது எது வேண்டும் என்பதைப் பொறுத்தது. உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை வெளியேறத் தொடங்கும். குழந்தை வேண்டுமென்றால், கருமுட்டை வெளியேறத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை. முகப்பருவும் முடியும் தொல்லை என்றால் கருத்தடை மாத்திரை உதவும். ஆனால் அதில் மாதாமாதம் வரும் ரத்தம், மாத்திரையை நிறுத்துகிற நாட்களில் வருவது. உள்ளே சங்கிலி சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கும், 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்களுக்கும், பார்வையில் ஒளிக்கீற்றுகள் தோன்றும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் சரியல்ல. புரோஜெஸ்டிரோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்துகொண்டே போனால், பின்னாளில் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும்.

45 வயதுக்கு மேல் மாதவிடாய் முன்பின்னாகி, திடீர் உடல்சூடும் வியர்வையும் வந்தால் அது மாதவிடாய் நிற்கப்போகும் பருவம், பெரும்பாலும் சோதனையே தேவையில்லை. அந்த வயதில் எஃப்எஸ்ஹெச் இன்று ஏறி அடுத்த மாதம் இறங்கும். அறிகுறிகளைக் கேட்டே சிகிச்சையைத் தொடங்கலாம். ஹார்மோன் சிகிச்சை என்றால், கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு, புரோஜெஸ்டிரோன் போல வேலைசெய்யும் புரோஜெஸ்டோஜனும் சேர வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. சில மாதங்களிலேயே குரல் தடித்து, முகத்தில் வேகமாக முடி வளர்வது. பால் கசிவோடு தலைவலியும் பார்வை மங்கலும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி ரத்தம்.