'அஃபோர்டபிள்' வீடு வருகுதாம், எங்களுக்குக் கிடைக்குமோ?

லண்டனில் ஏதாவது பழைய கார் பார்க்கைச் சுற்றிப் பலகை அடித்து "அஃபோர்டபிள் ஹோம்ஸ்" (கட்டுப்படியாகும் வீடுகள்) என்று எழுதிவிட்டால், அடுத்த கிழமையே கேள்வி வந்துவிடும்: "தம்பி, இதில எங்களுக்கும் ஒண்டு எடுக்கலாமோ?"

முதலில் ஒன்று. அந்தப் பலகையில் இருக்கும் நம்பருக்கு அடித்துப் பிரயோசனமில்லை. அது விற்பனைக் கந்தோர். அங்கே கேட்டால் கவுன்சிலிடம் போகச் சொல்வார்கள். கவுன்சிலின் திட்டமிடல் பகுதி, மலிவு வீடுகளை நடத்தும் ஹவுசிங் அசோசியேஷனைக் கேட்கச் சொல்லும். அசோசியேஷனோ, "ஆட்களைக் கவுன்சில்தான் அனுப்பும்" என்று தொடங்கிய இடத்துக்கே திருப்பிவிடும். மூன்று பேர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் குறைந்த வாடகை வீட்டுக்கு வாசல் ஒன்றுதான், கவுன்சிலின் வீட்டுப் பதிவுப் பட்டியல் என்பதை மூவரில் ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை.

பின்னணி சுருக்கமாக. 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ், பெரிய கட்டடம் கட்டுபவர் ஒரு பங்கு வீடுகளை மலிவாகக் கொடுக்கக் கவுன்சிலோடு ஒப்பந்தம் எழுதுகிறார். 2021 லண்டன் திட்டப்படி 35 வீதம் கொடுத்தால் வரவுசெலவுக் கணக்குக் காட்டாமலே அனுமதி கேட்கும் விரைவு வழி, அரச காணி என்றால் 50 வீதம். குறைத்துக் கொடுப்பவர் "எங்களுக்குக் கட்டாது" என்று கணக்குக் காட்டவேண்டும், காட்டவும் செய்கிறார்கள். 2025 அக்டோபரில், 20 வீதம் கொடுத்தாலே விரைவு வழி என்று ஒரு தற்காலிக ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது.

இனி உங்கள் கணக்கு. நூறு ஃபிளாட் வருகிறது, 35 வீதம் ஒத்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். அந்த 35 வீட்டிலும் குறைந்தது 30 வீதம்தான் குறைந்த வாடகைக்கு என்று கட்டாயம். கவுன்சில் தான் தீர்மானிக்கக்கூடிய பங்கையும் குறைந்த வாடகைப் பக்கம் தள்ளினால் கூடும், தள்ளாவிட்டால் பத்தோ பதினொன்றோ. அதற்குள் மூன்று அறை வீடு எத்தனை? விரல் விட்டு எண்ணலாம். சின்ன ஃபிளாட்டில்தான் கட்டுபவருக்கு லாபம். குடும்ப வீடு வேண்டும் என்று கவுன்சிலின் கொள்கை எழுதியிருக்கும், வரைபடத்தில் ஒன்றும் இரண்டும் அறைகளாக நிரம்பியிருக்கும்.

மிச்சமெல்லாம் வேறு வகை. 'அஃபோர்டபிள் ரென்ட்' என்பது சந்தை வாடகையில் 80 வீதம் வரை போகலாம். பக்கத்துக் கட்டடத்தில் 2,000 பவுண்ஸ் என்றால் இங்கே 1,600. சம்பளக் குடும்பத்துக்கு அது மலிவா என்று நீங்களே சொல்லுங்கள். 'ஷெயார்ட் ஓனர்ஷிப்' என்றால் ஒரு பங்கை வாங்கி மிச்சத்துக்கு வாடகை கட்டுவது. லண்டனில் குடும்ப வருமானம் 90,000 பவுண்ஸுக்கு மேல் போகக்கூடாது. பொறி, கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் சேர்விஸ் சார்ஜில் இருக்கிறது: கால்பங்கு வாங்கினாலும் சேர்விஸ் சார்ஜ் முழுவதும் உங்கள் தலையில். புதுக் கட்டடத்தில் அவர்கள் சொல்லும் தொகை வெறும் மதிப்பீடு. அதை நம்பி மாதக் கணக்குப் போடாதீர்கள்.

பட்டியலுக்கு வருவோம். நம் சனம் விழுவது இங்கேதான்.

லண்டனில் ஒவ்வொரு பரோவுக்கும், அதாவது ஒவ்வொரு கவுன்சில் பகுதிக்கும், தனிப் பட்டியல். 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டத்துக்குப் பிறகு யாரைச் சேர்ப்பது என்பதைக் கவுன்சிலே பெரும்பாலும் தீர்மானிக்கலாம். பல கவுன்சில்கள் தொடர்ந்து சில வருடம், சில இடங்களில் ஐந்து வருடம், அங்கேயே வசித்திருக்கவேண்டும் என்கின்றன. ஈஸ்ற் ஹாமில் இருந்து இல்ஃபோர்டுக்கு மாறுவது நமக்குப் பக்கத்து ஊருக்குப் போவது மாதிரி. ஆனால் அது வேறு பரோ, அந்தக் கவுன்சிலுக்கு நீங்கள் நேற்று வந்த ஆள். வாடகை நூறு பவுண்ஸ் குறைகிறது என்று பெட்டி கட்டமுன் இதை யோசியுங்கள்.

அடுத்தது அறை வாடகை. கடைக்கு மேலே ஒரு அறை, வாடகை கையில் காசாக, அக்ரிமென்ட் இல்லை, கவுன்சில் டாக்ஸ் வீட்டுக்காரர் பெயரில். "கடிதம் ஒண்டும் இந்த விலாசத்துக்கு வரப்படாது" என்று வேறு சொல்லிவைப்பார். பல வருடம் இருந்துவிட்டு, இருந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இன்றைக்கே வங்கிக் கணக்கு, ஜீபீ (குடும்ப வைத்தியர்), பிள்ளையின் பள்ளிக்கூடம், வேலைத்தலம் எல்லாவற்றிலும் இப்போதைய விலாசத்தைப் போடுங்கள். வாடகையை வங்கி மூலம் அனுப்புங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விசாவில் பொதுநிதி (அரச உதவிகள்) கிடையாது என்ற நிபந்தனை இருந்தால் பட்டியலில் சேரமுடியாது. வேலை விசா, மாணவர் விசா எல்லாம் இதில் அடங்கும். கணவன், மனைவியில் ஒருவருக்கு மட்டும் நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ இருந்தால் அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம். ஆனால் படிவம் நிரப்பமுன் குடிவரவு ஆலோசகர் ஒருவரைக் கேளுங்கள், மற்றவரின் விசாவோடு விளையாடக்கூடாது.

ஊர்ச் சொத்து. படிவத்தில் "பிரித்தானியாவிலோ வெளிநாட்டிலோ வீடு உண்டா" என்று கேட்பார்கள். மனைவி பெயரில் யாழ்ப்பாணத்தில் சீதன வீடு இருக்கும், யாரோ குடியிருப்பார்கள், நினைவிலேயே வராது. "இல்லை" என்று போட்டுவிடுவோம். பொய் விவரம் கொடுப்பது 1996ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம், பிடிபட்டால் கிடைத்த வீடும் போகலாம். உள்ளதைச் சொல்லி, அதில் குடியிருக்க முடியாத காரணத்தை எழுதுங்கள். சேமிப்பு வரம்பும் பல இடங்களில் உண்டு. சீட்டு எடுத்த காசு கணக்கில் கிடக்கும்போது வங்கி அறிக்கையைக் கொடுத்துவிட்டு, பிறகு விளக்கம் சொல்லி மாளாது.

அறைக் கணக்கு உங்கள் கணக்கில்லை. பொதுவாகத் தம்பதிக்கு ஒன்று, 21 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குத் தனியாக ஒன்று, 10 முதல் 20 வரை ஒரே பாலார் இருவருக்கு ஒன்று, பத்துக்குக் கீழே அண்ணன் தங்கை என்றாலும் இருவருக்கு ஒன்று. பெற்றோரில் ஒருவர் கூட இருந்தால் அவரையும் ஆதாரத்தோடு சேருங்கள். பிள்ளைக்குப் பத்து வயதானால் அன்றே அறிவியுங்கள், கவுன்சில் தானாகப் பிறந்தநாள் பார்த்துக்கொண்டிருக்காது.

பட்டியலில் சேர்ந்தவர்கள் விழுவது ஈமெயிலில். புதுப்பிக்கச் சொல்லி வரும் செய்திக்குப் பதில் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். விண்ணப்பம் போட்டது மருமகனின் ஈமெயிலில், மருமகன் இப்போது கனடாவில். உங்களுக்கென்று ஒரு ஈமெயில் திறவுங்கள், கடவுச்சொல்லை வீட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் போனில் சண்டை பிடித்து நாளை வீணாக்காதீர்கள். மறுபரிசீலனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தவணை கடிதத்திலேயே இருக்கும், பெரும்பாலும் 21 நாள். எழுத்தில் கேளுங்கள், கேட்ட ஈமெயிலை வைத்திருங்கள். போனில் அதிகாரி ஏதாவது சொன்னால், "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று அன்றே ஒரு ஈமெயில் போடுங்கள். போனில் சொன்னதற்குப் பிறகு சாட்சி கிடையாது.

"கவுன்சிலில் ஆள் இருக்கு, காசு தந்தால் முன்னுக்குக் கொண்டுவருவன்" என்று கோயில் வீதியிலும் கடைகளிலும் திரிபவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். பட்டியலில் சேரக் கட்டணமே இல்லை.