கம்பியை அறுக்காமல் இணையத்தை நிறுத்துவது எப்படி?

"ஒரு நாட்டுக்கே நெட்டை எப்படி நிறுத்த முடியும், யாராவது போய் வயரைப் பிடுங்குவார்களா?" என்று சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பர்மாவில் இருக்கும் எங்களுக்கு இதற்குப் பதில் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அத்தனை விதமாக நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். 2007 செப்டம்பர் கடைசியில் புத்த பிட்சுகள் தெருவில் இறங்கியபோது நாடு முழுக்க இணையம் போனது. 2019 ஜூனில் ராக்கைன், சின் மாநிலங்களில் சண்டை நடந்த ஊர்களில் மொபைல் இணையத்தை அணைத்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசு என்பதை இன்று பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அப்புறம் 2021 பிப்ரவரி 1, ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள். விடியற்காலை மூன்று மணிவாக்கிலேயே இணைப்புகள் விழத் தொடங்கின.

2007க்கும் 2021க்கும் நடுவில் ஒன்று மாறியிருந்தது. முன்பு ஒரு சிம் கார்டு வாங்க ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும் அதே சிம் 1,500 சாட்டுக்கு (சாட் பர்மாவின் நாணயம்) கிடைத்தது. டெலிபோனே பார்க்காத வீடுகள் நேராக ஸ்மார்ட்போனுக்குத் தாவின. கம்ப்யூட்டர், லேண்ட்லைன் என்ற இடைப்பட்ட காலம் பெரும்பாலோருக்கு வரவே இல்லை. இது பின்னால் முக்கியமாகும்.

ரங்கூனில் அனவ்ரத்தா சாலைக் காளி கோயில் பக்கத்திலிருந்து ஒருவர் சென்னைக்கு "சாப்பிட்டாச்சா?" என்று அனுப்புகிறார் என்று வையுங்கள். போனிலிருந்து கோபுரம் வரை அது ரேடியோ அலை. கோபுரத்திலிருந்து கண்ணாடி இழை வழியே நிறுவனத்தின் மைய இயந்திரங்களுக்குப் போகிறது. இந்த சிம் யாருடையது, டேட்டா உண்டா என்று அங்கேதான் பார்க்கிறார்கள். அதற்கப்பால் நாட்டை விட்டு வெளியேறும் வாசல்: ங்வே சாங் கடற்கரையில் ஏறும் கடலடிக் கேபிள்கள், தாய்லாந்து, சீன எல்லைகளைத் தாண்டும் நிலவழிக் கேபிள்கள். 2021இல் மொபைல் நிறுவனங்கள் நான்குதான். எம்.பி.டி. அரசாங்கத்துடையது, மைடெல்லில் ராணுவத்துக்குப் பங்கு, டெலினார் நார்வே, ஊரிடூ கத்தார். நான்கு மேசைகளுக்கு ஒரு கடிதம் போனால் போதும். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் குறுக்கும் நெடுக்குமாக இணைந்திருக்கும் நாட்டில் இதே வேலை படாத பாடு.

முதலில் செய்தது இருப்பதிலேயே லேசான வேலை. பிப்ரவரி 4 அன்று ஃபேஸ்புக்கைத் தடுத்தார்கள். உங்கள் போனுக்கு 'ஃபேஸ்புக்' என்ற பெயர் புரியாது, எண்முகவரிதான் புரியும். பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கித் தரும் சேவைக்கு டி.என்.எஸ். என்று பெயர், அதைப் பெரும்பாலும் உங்கள் நெட் நிறுவனமே நடத்துகிறது. அது பொய்யான எண்ணைக் கொடுத்தால் ஃபேஸ்புக் திறக்காது. போன் அமைப்பில் வேறொரு டி.என்.எஸ். முகவரியைப் போட்டால் இந்தத் தடை கழன்றுவிடும், பள்ளிப் பையன்களே செய்துவிடுவார்கள். அதனால் அடுத்தபடி, ஃபேஸ்புக்கின் எண்முகவரிகளுக்குப் போகும் பொட்டலங்களையே (இணையத்தில் தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும், அவைதான் பொட்டலங்கள்) கீழே போடச் சொல்வது. ஒரே கம்பெனியின் பிள்ளைகள் என்பதால் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் கூடவே போயின. அரசியல் பக்கமே தலைவைக்காத, யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் உடனே பிள்ளையார் படம் போட்டு மூடுகிற எங்கள் குடும்பக் குழுக்கள்கூட அன்று அரசியலுக்குள் வந்துவிட்டன.

மறுநாள் ட்விட்டர். இங்கேதான் ஒரு வேடிக்கை. இணையத்தில் எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போவது என்று யாரும் மேலே உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு வலையமைப்பும் "இந்த முகவரிகள் என் வழியே" என்று பக்கத்து வலையமைப்புகளுக்கு அறிவிக்கும். அவை நம்பி எடுத்துக்கொள்ளும். பி.ஜி.பி. என்ற இந்த நெறிமுறை நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பிப்ரவரி 5 அன்று பர்மாவில் ஒரு நிறுவனம் ட்விட்டரின் முகவரித் தொகுதி ஒன்றைத் தன்னுடையது என்று அறிவித்தது. நோக்கம் உள்ளூர்ப் போக்குவரத்தை முட்டுச்சந்துக்கு இழுப்பது. ஆனால் அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்து, வெளிநாட்டு வலையமைப்புகள் சிலவும் அதை எடுத்துக்கொண்டன. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் யூடியூபைத் தடுக்கப் போய், உலகம் முழுக்க அது இரண்டு மணி நேரம்போலப் படுத்ததும் இதே கதைதான்.

பிப்ரவரி 6 காலை எல்லாமே போனது. இணைப்பு வழக்கமான அளவில் 16 சதவீதமாக இறங்கியது என்று இணையத் தடைகளைக் கண்காணிக்கும் நெட்பிளாக்ஸ் அமைப்பு அளந்து சொன்னது. மறுநாள் மதியம் திரும்ப வந்தது. முழு அணைப்பில் வங்கி, துறைமுகம், அரசு அலுவலகம் எல்லாம் சேர்ந்தே இருட்டில் விழும். நிறுத்தியவர்களுக்கும் அது கட்டுப்படியாகாது. எனவே பிப்ரவரி 15இலிருந்து இரவு மட்டும் நிறுத்தினார்கள், ஒரு மணி முதல் காலை ஒன்பது வரை. வீடு புகுந்து ஆட்களைப் பிடித்துப்போனதும் அதே இருட்டு நேரத்தில்தான்.

அந்த இருட்டில் வேலை செய்தது சட்டிபானை. கெட்ட ஆவியை வீட்டை விட்டு விரட்டப் பாத்திரத்தைத் தட்டுவது பர்மியர் வழக்கம். பிப்ரவரி 2 இரவு எட்டு மணிக்கு ரங்கூனில் அதை ராணுவத்தை விரட்டத் தட்டினார்கள், பிறகு தினமும் எட்டு மணிக்கு. எங்கள் பெரியவர்கள் 1964ஐப் பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்களிடம் கேட்டவர்கள். கடைகளை அரசுடைமையாக்கியதும் மூட்டையோடு கப்பலேறியதும் அவர்கள் எலும்பில் இருக்கிறது. "நமக்கெதுக்கப்பா அரசியல்?" என்பார்கள். ஆனால் எவர்சில்வர் தாம்பாளத்தை ஜன்னலோரம் தட்டுவதில் யார் தமிழர், யார் பர்மியர், யார் சீனர் என்று எவனுக்குத் தெரியும்?

இதற்கு இயற்பியலில் காரணம் உண்டு. ஒலி மூலத்திலிருந்து தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அளவு 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். ஒரு பாத்திரச் சத்தம் ஒரு மீட்டரில் 90 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், திறந்த வெளியில் 64 மீட்டரில் 54 ஆகிவிடும்; சாதாரணப் பேச்சைவிடக் கொஞ்சம் தாழ்வு. தனி ஆள் தட்டினால் தெரு முனையோடு சரி. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூலங்கள் சேரும்போது பத்து மடங்குக்கு 10 டெசிபல் ஏறும்: அதே தூரத்தில் பத்துப் பேர் தட்டினால் 64, நூறு பேர் தட்டினால் 74. உலோகத்தைத் தட்டும்போது எழும் உயர்ந்த அதிர்வெண்களில் கணிசமான பங்கு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரம்பில் விழுகிறது, மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அங்கேதான். எங்கள் டவுன்டவுன் தெருக்களோ ஏழெட்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் குறுகலாகப் போகின்றன. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை முதலில் வந்துசேரும் அலையை வைத்துத்தான் முடிவு செய்கிறது. இரண்டு பக்கச் சுவரும் எதிரொலிக்க, நூறு ஜன்னல்கள் ஒரே சமயத்தில் தட்டினால் அந்த 'முதல் அலை' எது என்று பிரிக்கவே முடியாது. கீழே டார்ச் லைட்டோடு நிற்கும் சிப்பாய்க்கு மொத்தத் தெருவும் சத்தம் போடுவதாகத்தான் தெரியும். பிப்ரவரி நடுவில் தெருக்காரர்களே இரவுக் காவல் இருக்கத் தொடங்கிய பிறகு, ஆளைப் பிடிக்க வண்டி வந்துவிட்டது என்று அடுத்தடுத்த தெருவுக்குத் தகவல் சொன்னதும் இதே தட்டல்தான். கோபுரம் இல்லை, சிம் இல்லை, அனுப்பியவர் யார் என்ற பதிவும் இல்லை.

இதே வாரங்களில் எல்லோரும் கொண்டாடிய இன்னொன்று பிரிட்ஜ்ஃபை செயலி. நெட் இல்லாமல் புளூடூத் வழியே போனுக்குப் போன் செய்தியைக் கடத்தும். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் சில மணி நேரத்திலேயே லட்சக்கணக்கில் இறக்கினார்கள். எனக்கு இதில் அப்போதும் பெரிய நம்பிக்கை இல்லை. கணக்கு இப்படி: போன்கள் கண்டபடி சிதறிக் கிடக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் எட்டும் தூரத்தில் சராசரியாக நான்கரைக்கும் மேல் போன்கள் இருந்தால்தான் செய்தி ஊர் முழுக்கப் பரவும். அதற்குக் கீழே வந்தால் வலை சின்னச் சின்னத் தீவுகளாக உடைந்துவிடும், அதுவும் மெதுவாக இல்லை, சட்டென்று. ரங்கூனின் லெடான் சந்திப்பில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது சரி. இரவில் காங்கிரீட் சுவருக்குள் படுத்திருப்பவர்களுக்கு, அதுவும் அந்தச் செயலியை இயக்கத்தில் வைத்திருப்பவர்களை மட்டும் எண்ணினால், தீவுதான் மிச்சம். பாதுகாப்பிலும் பெரிய ஓட்டைகள் இருப்பதை பிரிட்டனின் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2020இலேயே காட்டியிருந்தார்கள்; அதற்குப் பின் செயலிக்காரர்கள் மறையாக்க முறையை, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் முறையை, மாற்றினார்கள்.

மார்ச் 15இல் மொபைல் டேட்டா நின்றது. ஏப்ரல் தொடக்கத்தில் கம்பியில்லா பிராட்பேண்டும் போனது. கண்ணாடி இழை இணைப்பு மட்டும் மிச்சம். லேண்ட்லைன் காலமே வராமல் போனுக்குத் தாவிய நாடு என்றேன் அல்லவா, அதன் விலை இங்கே தெரிந்தது. ஃபைபர் இருந்தது அலுவலகங்களிலும் வசதியான வீடுகளிலும். போனில் மட்டும் நெட் பார்த்த கோடிக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். வங்கி ஓடும், கடைக்காரப் பையன் பேச முடியாது. நிறுத்துபவரின் கண்ணில் இது முழு அணைப்பைவிட எவ்வளவோ சிக்கனம். 2022 ஜனவரியில் ஒவ்வொரு புது சிம்முக்கும் 20,000 சாட் வரி போட்டதையும், நெட் சேவை வரியை 5 சதவீதத்திலிருந்து 15 ஆக்கியதையும் இதே வரிசையில்தான் வைக்கிறேன். விலையும் ஒரு தடுப்புச் சுவர்.

அதன் பிறகு வந்ததுதான் உண்மையிலேயே நுணுக்கமான வேலை, வடிகட்டுதல். ஃபேஸ்புக் தடையைத் தாண்ட எல்லோரும் வி.பி.என். போட்டிருந்தார்கள். வி.பி.என். உங்கள் பொட்டலங்களை மறையாக்கி வெளிநாட்டில் ஒரு கணினிக்கு அனுப்பும். நடுவில் இருப்பவர் உள்ளே என்ன என்று படிக்க முடியாது. 2024 மே கடைசியில் பிரபலமான வி.பி.என்.கள் ஒவ்வொன்றாகச் செத்தன. படிக்க முடியாததை எப்படித் தடுத்தார்கள்? முகத்தை மூடிக்கொண்டு போனாலும் நடையை வைத்து ஆளைச் சொல்கிற மாதிரிதான். வயர்கார்டு என்ற வி.பி.என். முறையில் பேச்சைத் தொடங்கும் முதல் பொட்டலம் எப்போதும் 148 பைட், பதில் 92 பைட். ஒரு எழுத்தையும் படிக்காமல் நீளத்தை மட்டும் பார்த்தே இயந்திரம் அதைப் பிடித்துவிடும். சாதாரண வலைத்தளத்துக்குப் போகும்போதும் அநேகமாக முதல் பொட்டலத்தில் தளத்தின் பெயர் மறையாக்கம் இல்லாமலே போகிறது, அதைப் பார்த்தும் வெட்டலாம். தப்பிக்க நினைக்கும் வி.பி.என்.கள் சாதாரண இணையதளப் போக்குவரத்தைப்போல நீளத்தையும் வேகத்தையும் மாற்றி நடிக்கின்றன. இவர்கள் நடிப்பைக் கற்றுக்கொள்ள, அவர்கள் பிடிக்கக் கற்றுக்கொள்ள, இதற்கு முடிவு கிடையாது.

வடிகட்டுவதை நான் வெட்டுவதைவிட மோசம் என்பேன். 2021 பிப்ரவரியில் நெட் போனபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது; டீக்கடையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள், யார் செய்தது என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. வடிகட்டும்போது உங்களுக்கு மட்டும் படம் ஏறாது, எனக்கு மட்டும் அழைப்பு அறுபடும். போன் பழசாகிவிட்டது, சிக்னல் இல்லை, மின்சாரம் போனதில் கோபுரம் படுத்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிப்போம். சட்டி தட்டுவதற்கு எல்லோருக்கும் ஒரே எட்டு மணி வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் வருகிற கோளாறுக்கு எட்டு மணி ஏது?

அதோடு 2025 ஜனவரி 1 தேதியிட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதி இல்லாமல் வி.பி.என். சேவை நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. சாதாரண ஆட்களுக்கு அதைவிட நேரடியான பயம் சாலைச் சோதனையில் போனை வாங்கிப் பார்ப்பது. எந்த மறையாக்கமும் திறந்து கொடுத்த திரைக்கு உதவாது.

அரசின் வாசலைத் தொடாமலே போகிற ஒரே வழி மேலே இருக்கிறது. சகாயிங் போன்ற பகுதிகளில் மொபைல் நெட் அடிக்கடி அணைந்து கிடக்க, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் நெட்டான ஸ்டார்லிங்கின் உரிமம் இல்லாத தட்டுகள் எல்லை வழியே வந்து சேர்ந்திருக்கின்றன. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளோடு அவை நேரடியாகப் பேசுகின்றன. கேபிளும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். சூரியத் தகடும் பேட்டரியும் இருந்தால் ஒரு தட்டை வைத்தே மணிக்கணக்குக்குக் காசு வாங்கி ஊருக்கு நெட் விடலாம். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அடையாள எண் உண்டு, தான் எங்கே இருக்கிறோம் என்பதையும் அது நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 2025 அக்டோபரில் பர்மாவின் இணைய மோசடி மையங்கள் இருந்த பகுதிகளில் 2,500க்கும் மேற்பட்ட தட்டுகளை ஸ்பேஸ்எக்ஸ் அமெரிக்காவிலிருந்தே முடக்கியது. அந்த மோசடிக்காரர்களுக்காக யாரும் அழப்போவதில்லை. பக்கத்து மலையில் மருத்துவமனை நடத்துகிறவரின் தட்டும் அதே பட்டியலில், அதே பொத்தானுக்குக் கீழேதான் இருக்கிறது.