கோ-ஆப்: கூட்டுறவு வீடா, பங்குரிமை வீடா?

நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸில் ஒற்றைப் படுக்கையறை 'கோ-ஆப்' வீடு விற்பனைக்கு வருகிறது. விளம்பரத்தைத் தமிழாக்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு 'கூட்டுறவுச் சங்க வீடு' என்று எழுதிவிடுகிறார். அடுத்த வரியில் 'போர்டு' என்பதை 'வாரியம்' ஆக்கி, 'வாரியத்தின் ஒப்புதல் தேவை' என்கிறார். ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் பக்கம் வீடு தேடும் நம்மவர் இதைப் படித்தால் ஹவுசிங் போர்டு வீடு, குலுக்கலில் விழும், மலிவாகக் கிடைக்கும் என்றுதானே நினைப்பார்?

'கோ-ஆப்' என்பது 'கோஆப்பரேட்டிவ்' என்பதன் சுருக்கம். சொல்லின் பிறப்பில் சிக்கல் இல்லை. லத்தீனில் 'சேர்ந்து உழைத்தல்'. நம்மிடம் முதலில் 'ஐக்கிய நாணய சங்கம்' என்று வழங்கியது, பிறகு 'கூட்டுறவு' நிலைத்தது. பால் சங்கத்துக்கும் நெசவாளர் சங்கத்துக்கும் கச்சிதமான சொல்.

ஆனால் நியூயார்க் கோ-ஆப் வேறு சரக்கு. கட்டடம் மொத்தமும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். வாங்குபவர் பெயரில் வீட்டுக்குக் கிரயப் பத்திரம் கிடையாது. அவர் கைக்கு வருவது நிறுவனத்தின் பங்குகளும், அவற்றோடு ஒட்டிய நீண்டகாலக் குடியிருப்பு ஒப்பந்தமும்தான். கடன் கொடுக்கும் வங்கி ஈடாகப் பிடிப்பதும் அந்த இரண்டையுமே. பங்குகளை இன்னாருக்கு மாற்றலாமா என்று முடிவு செய்பவர்கள், குடியிருப்பவர்களே தேர்ந்தெடுத்த இயக்குநர் குழுவினர். வருமானக் கணக்கு, வரிக் கணக்கு, பரிந்துரைக் கடிதம் எல்லாம் வாங்கிப் பார்த்து, நேர்காணலும் வைத்து, காரணம் சொல்லாமலே மறுத்துவிடுவார்கள். இதையா 'வாரியம்' என்பது?

மும்பையின் ஹவுசிங் சொசைட்டி வீட்டுக்கும் பங்குச் சான்றிதழ் உண்டே, அதைக் கூட்டுறவு என்றுதானே சொல்கிறோம் என்று அங்கே செம்பூரில் இருப்பவர் மடக்குவார். நல்ல கேள்வி. மும்பை சொசைட்டி கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. சின்ன வீடோ பெரிய வீடோ, உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. கூட்டுறவின் உயிரே அதுதான். நியூயார்க் கோ-ஆப்களில் பெரும்பாலானவை வணிக நிறுவனச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. பங்குக்கு ஏற்ப ஓட்டு. மேல்மாடிப் பெரிய வீட்டுக்காரருக்குக் கை ஓங்கியிருக்கும். அங்கே பெயரில் மட்டும்தான் கூட்டுறவு. 1916இல் புரூக்ளினில் ஃபின்லாந்துத் தொழிலாளர்கள் கட்டிக்கொண்டதையும், 1927இல் பிராங்ஸில் தையல் தொழிற்சங்கத்தார் எழுப்பியதையும் கூட்டுறவு வீடு என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். ஜாக்சன் ஹைட்ஸில் கோ-ஆப்பை விற்கத் தொடங்கியதோ ஒரு நிலவணிக நிறுவனம், அதுவும் வசதியான நடுத்தர வர்க்கத்தாருக்கு.

தனித்தமிழ் அன்பர்கள் 'கூட்டுடைமை வீடு' என்கிறார்கள். சொல் அழகு, பொருள் தலைகீழ். கோ-ஆப்பில் யாரும் கூட்டாக உடைமை கொள்வதில்லை. உடைமை முழுவதும் நிறுவனத்துக்கு. வீடு தனக்கும், படிக்கட்டும் மொட்டைமாடியும் எல்லோருக்குமாக இருப்பது 'காண்டோ' (காண்டோமினியம்) என்ற வேறு வகை அடுக்குமாடி வீட்டில். நம்மூர் ஃபிளாட்டில் பத்திரமும் பிரிபடாத பாகமும் வாங்குகிறோமே, அது காண்டோவுக்குத்தான் உறவு. ஆக, 'கூட்டுடைமை' பக்கத்து வீட்டுக்காரனின் பெயர்! தூய்மை வேண்டும்தான், தெளிவைக் காவு கொடுத்து வேண்டாம்.

'பங்கு வீடு' என்று சுருக்கலாமா? கூடாது. பூர்வீக வீடும் பங்காளிச் சண்டையும் கண்முன் வந்துவிடும். என் ஓட்டு 'பங்குரிமை வீடு' என்பதற்கு: பங்கு வாங்குகிறோம், அதனால் குடியிருக்கும் உரிமை கிடைக்கிறது. வாரியத்தை 'இயக்குநர் குழு' ஆக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் காசில். 'மாதப் பராமரிப்பு' என்று படித்ததும் லிஃப்ட், வாட்ச்மேன், தண்ணீர் மோட்டார் என்று கணக்குப் போடுகிறோம். கோ-ஆப்பில் அந்தத் தொகைக்குள் சொத்துவரியும் இருக்கும். கட்டடத்தின்மேல் நிறுவனம் வாங்கிய கடனுக்கான தவணையும் பெரும்பாலும் இருக்கும். 'மாதப் பங்குத்தொகை' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், ரசீதைப் பார்ப்பதில்லை. வீட்டை விற்கும்போது நிறுவனத்துக்குக் கட்டும் 'ஃபிளிப் டாக்ஸ்' ஓரிடத்தில் 'புரட்டு வரி' ஆகியிருந்தது. அரசாங்கத்துக்குப் போகாத பணம், வரியே அல்ல. 'பங்கு மாற்றுக் கட்டணம்' என்று எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது.