வேலையில அடிபட்டா எவ்வளவு வரும்: வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிங்க

எங்க தெருவுல ஒரு தம்பி, வயசு 30, கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன பட்டறையில பவர் பிரஸ் (தகட்ட அமுக்கி வெட்டுற மெஷின்) ஓட்டிட்டு இருந்தான். 2024ல ஒரு நைட் ஷிஃப்ட்ல வலது கை ஆள்காட்டி விரல் அடியோட போயிருச்சு. ஓனர் நல்லவிதமாத்தான் நடந்துகிட்டாரு, தனியார் ஆஸ்பத்திரியில சேத்தாரு, பில்லு கட்டினாரு, டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு கவர்ல 25,000 ரூபாய் வச்சுக் குடுத்து கூடவே ஒரு பேப்பரையும் நீட்டினாரு, இதோட கணக்கு தீந்துச்சு, இனிமே எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதியிருந்துச்சு, இவனும் போட்டுட்டான். அப்புறம் அவங்க அம்மா வந்து "அவ்வளவுதானாப்பா?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. அவ்வளவு இல்லம்மா, சட்டப்படி ரெண்டரை லட்சத்துக்கு மேல வரும்னு சொன்னதும் அவங்க நம்பவே இல்ல.

எப்படி வரும்னு சொல்றேன். இதுக்கு இருக்கிறது 1923ம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்துது. 2025 நவம்பர் 21ல இருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புன்னு புதுசு அமலுக்கு வந்து இந்தப் பழைய சட்டத்த உள்ள சேத்துக்கிச்சு, ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த விபத்துக்கு பழைய சட்டக் கணக்குதான், புதுசுலயும் அடிப்படை கிட்டத்தட்ட இதேதான்.

மொதல்ல பாக்க வேண்டியது உங்களுக்கு இ.எஸ்.ஐ. (அரசோட தொழிலாளர் காப்பீடு) இருக்கான்னு. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற எடம், சம்பளம் மாசம் 21,000க்குள்ளன்னா பெரும்பாலும் இ.எஸ்.ஐ.க்குள்ள வருவீங்க. அப்போ ஓனர்கிட்ட இழப்பீடு கேக்க முடியாது, இ.எஸ்.ஐ. ஆபீஸ்லதான் வாங்கணும், ரெண்டு பக்கமும் வாங்க சட்டம் விடாது. அது ஒண்ணும் மட்டம் இல்ல, குணமாகுற வரைக்கும் சராசரி தினக்கூலியில 90 சதவீதம் வரும், நிரந்தர ஊனம்னா சாகுற வரைக்கும் மாசா மாசம் வரும். வேலையில சேந்த மொத நாளே அடிபட்டாலும் உண்டு, இத்தன நாள் சந்தா கட்டியிருக்கணும்ங்கிற கண்டிஷன் வேலை விபத்துக்குக் கிடையாது. ஓனர் பேரப் பதியாம ஏமாத்தியிருந்தாலும் இ.எஸ்.ஐ. ஆபீஸ்ல போய் எழுதிக் குடுங்க, அவங்க குடுத்துட்டு ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்க வழி இருக்கு.

நம்ம தம்பி பட்டறையில மொத்தமே 6 பேர். இ.எஸ்.ஐ. கிடையாது. அப்போ நேரா ஓனர் பொறுப்பு.

இங்கதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. "உன் கவனக்குறைவுதானப்பா, நான் என்ன பண்றது"ன்னு ஓனர் சொன்னதும் நம்மாளு தலையாட்டிருவான். கவனக்குறைவு இருந்தாலும் இழப்பீடு உண்டு, ஓனர் மேல தப்புன்னு நீங்க நிரூபிக்கவே தேவையில்ல, வேலை காரணமா, வேலை நேரத்துல நடந்த விபத்தா, அவ்வளவுதான் கேள்வி. தப்பிக்க ஓனருக்கு இருக்கிற வழி ரொம்பக் கொஞ்சம்: குடிச்சிருந்ததாலதான் நடந்துச்சு, இல்ல பாதுகாப்பு உத்தரவ வேணும்னே மீறினான், மெஷின்ல இருக்கிற பாதுகாப்புத் தடுப்ப வேணும்னே கழட்டி வச்சான், இந்த மூணுல ஒண்ணு. அதுவும் ஆள் செத்துட்டாலோ நிரந்தரமா முழு ஊனம் ஆயிட்டாலோ இந்த மூணுமே செல்லாது. பிரஸ்ல சென்சார் இருந்தா புரொடக்‌ஷன் கொறையுதுன்னு கழட்டச் சொல்றதே ஓனர்தான்னு பட்டறையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அதனால அந்தப் பேச்ச எடுத்தா பயப்படாதீங்க. 3 நாளுக்குள்ள சரியாப்போற சின்னக் காயத்துக்கு மட்டும் எதுவும் வராது.

வேலைக்குப் போற வழியில, வர்ற வழியில அடிபட்டா? இ.எஸ்.ஐ. சட்டத்துல 2010லயே சேத்துட்டாங்க. 1923 சட்டத்துல அப்படி வெளிப்படையா இல்லாம இருந்துச்சு, சர்க்கரை ஆலை வாட்ச்மேன் ஒருத்தர் ட்யூட்டிக்குப் போற வழியில பைக் விபத்துல இறந்த கேஸ்ல 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட், இதுவும் வேலை சம்பந்தப்பட்டதுதான்னு சொல்லிருச்சு, ஆனா போன நேரத்துக்கும் வழிக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்கணும்.

இப்போ கணக்கு. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் இந்தக் கணக்குக்கு மாசம் 15,000தான் உச்சவரம்பு, 2020 ஜனவரில வச்சது, அதுக்கு முன்னாடி வெறும் 8,000. தம்பிக்கு 18,000 சம்பளம், ஆனா 15,000தான் எடுப்பாங்க, அநியாயம்தான். நிரந்தர முழு ஊனம்னா அதுல 60 சதவீதம், அதாவது 9,000. அத வயசுக்குன்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு, 30 வயசுக்கு 207.98, அதால பெருக்கணும். 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. ஒரு பகுதி போச்சுன்னா அதுக்குத் தனி அட்டவணை, கட்டைவிரல் முழுசும் போனா 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7, ஒரு கண் பார்வை போனா 30. விரலுக்கு வெல போட்ட மாதிரி இருக்கும், படிக்கவே ஒரு மாதிரியா இருக்கும், ஆனா இதுதான் நம்ம கையில இருக்கிற ஆயுதம். தம்பிக்கு 18,71,820ல 14 சதவீதம், 2,62,055 ரூபாய் சொச்சம். அவர் குடுத்தது 25,000.

ஆள் இறந்துட்டா 60க்குப் பதிலா 50 சதவீதம், அதே பெருக்கல், 30 வயசுன்னா 15,59,850 வரும். வயசு ஏற ஏற அந்த எண் கொறையும், 50 வயசுக்கு 153.09. கொஞ்ச மாசம் வேலைக்குப் போக முடியாம இருந்து அப்புறம் சரியாயிட்டா சம்பளத்துல 25 சதவீதம் 15 நாளைக்கு ஒரு தடவ, அதாவது 3,750, மாசத்துக்கு 7,500. ஆஸ்பத்திரி செலவு இதுல சேராது, அது தனியா முழுசா ஓனர் தரணும், அதனால "நான்தான் பில்லு கட்டினேனே"ங்கிறது பதிலே இல்ல.

அட்டவணை மட்டுமே முடிவு இல்லங்கிறதும் தெரிஞ்சுக்கோங்க. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேல எடுத்துட்டாங்க, ஓனர் இது பகுதி ஊனம்தான்னு வாதாடினாரு, ஒத்தக் கைய வச்சுகிட்டு தச்சு வேலை எப்படிப் பாப்பாருன்னு சொல்லி சுப்ரீம் கோர்ட் முழு ஊனம்னே எடுத்துகிச்சு. 1975 டிசம்பர்ல வந்த தீர்ப்பு, இன்னைக்கும் வக்கீலுங்க இதத்தான் தூக்கிட்டு வருவாங்க.

சரி, கையெழுத்து போட்ட அந்தப் பேப்பர்? செல்லாது. உரிமைய விட்டுக்குடுக்குற எந்த ஒப்பந்தமும் செல்லாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. சமரசம் பண்ணணும்னா அத ஆணையர்கிட்ட, அதாவது இந்த இழப்பீட்டு வழக்குகள விசாரிக்கிற தொழிலாளர் துறை அதிகாரிகிட்ட, பதிவு பண்ணணும், பதிவு பண்ணாம விட்டா ஓனர் முழுத் தொகையும் தரணும், ஏற்கனவே குடுத்ததுல பாதிக்கு மேல கழிக்கக்கூட முடியாது, ஆணையர் வேற மாதிரி சொன்னாத்தான். இறந்த கேஸ்ல இன்னும் கறார், பணத்த ஆணையர்கிட்டதான் டெபாசிட் பண்ணணும், வீட்டுக்கு வந்து நேரா குடுத்தா இழப்பீடு குடுத்ததாவே கணக்கு இல்ல.

ஆதாரம் சேக்குறதுதான் பெரிய வேலை. மொத நாள் ஆஸ்பத்திரியில ஏ.ஆர்.னு ஒண்ணு போடுவாங்க, விபத்துப் பதிவு, அதுல எப்படி அடிபட்டுச்சுன்னு எழுதுவாங்க. கூட வந்த சூப்பர்வைசர் "பைக்ல இருந்து விழுந்துட்டான்"னு சொல்லி எழுத வச்சுருவாரு, வலியில கெடக்குறவனுக்கு அது தெரியாது. நினைவு இருந்தா நீங்களே வாயத் தொறந்து மெஷின்ல மாட்டுச்சுன்னு சொல்லுங்க, காப்பி வாங்கி வச்சுக்கோங்க. ரெண்டாவது, ஓனர் நோட்டீஸுக்கு பதில் போடுறப்போ எழுதுற மொத வரி "இவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை"ன்னுதான் இருக்கும். அதுக்கு ஜிபேல சம்பளம் வந்தது, நாளைக்கு ஷிஃப்டுக்கு வான்னு அனுப்புன வாட்ஸ்அப் வாய்ஸ், கூட வேலை பாத்தவங்க பேரு, எதையும் அழிக்காதீங்க. கான்ட்ராக்ட் ஆளுன்னு தட்டிக்கழிச்சா கான்ட்ராக்டர வேலைக்கு வச்ச கம்பெனி மேலயே கேக்கலாம், அவங்க கான்ட்ராக்டர்கிட்ட வாங்கிக்கட்டும்.

மனு போடுறது தொழிலாளர் துணை ஆணையர்கிட்ட. விபத்து நடந்த ஏரியாவுலயும் போடலாம், நீங்க குடியிருக்கிற ஏரியாவுலயும் போடலாம், பீகார்ல இருந்து வந்து வேலை பாத்து அடிபட்டு ஊருக்குப் போனவங்க அங்கயே போடலாம்ங்கிறது பலபேருக்குத் தெரியாது. விபத்து நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், தக்க காரணம் இருந்தா தாமதத்த ஏத்துக்க ஆணையருக்கு அதிகாரம் இருக்கு, ஆனா அத நம்பி உக்காராதீங்க. 3 மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நான் பாத்தவரைக்கும் அப்படி முடிஞ்சது ஒண்ணும் இல்ல. இழுத்தாலும் வட்டி ஏறும், ஒரு மாசத்துக்குள்ள தராம இழுத்தடிச்சா வருஷத்துக்கு 12 சதவீதம், தம்பி கேஸ்ல அதுவே வருஷம் 31,000க்கு மேல, சரியான காரணம் இல்லாம இழுத்தாருன்னா அபராதமா தொகையில பாதி வரைக்கும் சேத்துப் போடலாம். அப்பீல் போறேன்னு ஓனர் மிரட்டினா சரிங்கன்னு சொல்லுங்க, ஹைகோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவர் முழுப்பணத்தையும் ஆணையர்கிட்ட கட்டியாகணும்.

தம்பிகிட்ட புரோக்கர் ஒருத்தன் வந்து வர்ற பணத்துல கால்வாசி குடு, நான் முடிச்சுத் தர்றேன்னான். வேணாம்னு சொல்லி மாவட்டக் கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிட்டுப் போனேன், ஆலைத் தொழிலாளி, பொம்பளைங்க, எஸ்.சி., எஸ்.டி.ன்னா வருமானமே பாக்காம இலவசமா வக்கீல் வச்சுக் குடுப்பாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, ஏ.ஆர். காப்பி, ஆதார், பாஸ்புக், ஊனச் சான்றிதழ், அந்த 25,000 பேப்பரோட ஜெராக்ஸ், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனோம், அந்தப் பேப்பரப் பாத்ததும் வக்கீலம்மா சிரிச்சாங்க, "நல்லதாப் போச்சு, இவரு வேலைக்கு வச்சிருந்தாருங்கிறதுக்கு அவரே சாட்சி எழுதிக் குடுத்திருக்காரு"ன்னாங்க.