எடைமேடைக் கணினியும் பொதுத் தரமும்

கடந்த குறுவை அறுவடையின்போது மன்னார்குடிக்கு அருகே ஓர் அரிசி ஆலையில் எடைமேடைக் கணினி பழுதாகி நின்றது. புதுக் கணினி மாலைக்குள் வந்துவிட்டது. ஆனால் பதினோரு ஆண்டுகளாக எடைச் சீட்டு அடித்துவந்த மென்பொருள் அதில் திறக்கவே இல்லை. ஒரே நிறுவனத்து இயங்குதளத்தின் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளின்) ஒரு குறிப்பிட்ட பதிப்பை மட்டும் நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அது. எழுதிக் கொடுத்தவர்களோ தொழிலையே விட்டுவிட்டார்கள். நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் சாலைவரை நிற்க, மழை வேறு கட்டிக்கொண்டு வந்தது.

அன்று கைகொடுத்தது எடைகாட்டியிலிருந்து வந்த கம்பிதான். கருவிகள் கம்பிவழி தரவு அனுப்புவதற்கான ஆர்.எஸ்-232 என்ற, 1960களிலிருந்தே புழங்கும் பொதுத் தரத்தை, அதாவது யாரும் பின்பற்றக்கூடிய பொது விதிமுறையை, சேர்ந்தது அது என்பதால், லினக்ஸ் இயங்குதளம் உள்ள என் மடிக்கணினியில் செருகி, தரவு வரும் வேகத்தை 2400 என்று அமைத்ததும் எடை எண்கள் திரையில் ஓடத் தொடங்கின. அவற்றைப் படித்துச் சீட்டு அடிக்க, சி மொழியில் ஒரு சிறு நிரல் போதுமானதாக இருந்தது. அந்தக் கம்பி செருகும் சீரியல் போர்ட்டை நிரல் எப்படித் திறப்பது, வேகத்தை எப்படி அமைப்பது என்பதையெல்லாம் இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் வரையறுத்திருப்பதால், நாளை இயங்குதளம் மாறினாலும் போர்ட்டின் பெயரை மாற்றி, நிரலை மறுபடி தொகுத்தால் (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றினால்) பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

போசிக்ஸ், ஐ.இ.இ.இ. என்ற மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு 1988இல் வெளியிட்ட தரம். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த இயங்குதளங்கள் ஆளுக்கொரு திசையில் பிரிந்துகொண்டிருந்த காலத்தில், நிரல்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே அது உருவானது. பொதுத் தரம் என்றால் மூலநிரல் எல்லோருக்கும் திறந்த மென்பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமான மேக் ஓ.எஸ். அந்த நிறுவனத்தின் தனியுடைமைதான், ஆனாலும் போசிக்ஸையும் உள்ளடக்கிய யூனிக்ஸ் சான்று பெற்ற பதிப்புகள் அதற்கு உண்டு. ஒரு நிறுவனம் தன் இடைமுகங்களை (பிற நிரல்கள் அதன் மென்பொருளோடு இணையும் முறைகளை) ஆவணமாக வெளியிட்டாலும், அவற்றை மாற்றும் உரிமை அதனிடம் மட்டுமே இருக்குமானால், நம் தொழில் அதன் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. மத்திய அரசின் 2010ஆம் ஆண்டுத் திறந்த தரநிலைக் கொள்கையும், மின்னாளுகைக்கான (கணினிவழி அரசுப் பணிகளுக்கான) தரத்தை அனைவரும் பங்கேற்கக்கூடிய, இலாப நோக்கற்ற அமைப்பு பராமரிக்க வேண்டும் என்றே கேட்கிறது.

போசிக்ஸ் எல்லாவற்றையும் தீர்க்காது. திரையில் தோன்றும் சாளரங்களும் பொத்தான்களும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. ஆகவே மென்பொருள் வாங்கும்போது, கணக்கைப் பொது வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்த ஆலையில் இப்போது அன்றன்றைய சீட்டுகள் இரவில் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் சேமிக்கப்படுகின்றன. பழைய பதினோரு ஆண்டுக் கணக்கு மட்டும், திறக்க வழியில்லாமல், மேசை இழுப்பறையில் ஒரு வன்தட்டாகக் கிடக்கிறது.